பாதியில் சுருட்டிய டியூப்

நாற்பதாவது கவரிலிருந்து எடுத்த டியூப் நிமிர்ந்துகொள்ளவில்லை.

நிமிர்ந்திருக்க வேண்டும். எங்கள் கம்பெனியின் புது க்ரீம் டியூப்பை யாராலும் சுருட்டி வைக்க முடியாது. மூடியும் உடம்பும் ஒரே பிளாஸ்டிக். உருக்கி மறுபடி டியூப்பாக்கச் சுலபம் என்று கொண்டுவந்தார்கள். பழைய டியூப் மடித்தால் மடித்தபடி கிடக்கும். இது மடிக்க மடிக்க முறைத்துக்கொண்டு எழுந்து நிற்கும்.

போன வருடம்வரை டியூப்பில் பூவும் கொடியும் தங்க ரேகையுமாகக் கல்யாண வீடு மாதிரி இருக்கும். இப்போது வெறும் வெள்ளை. அதில் கண்ணுக்குத் தெரியாத நாலு எழுத்து. அழகு சாதனத்தில் இதுதான் இப்போது மோஸ்தராம். தீர்ந்த டியூப்பை வாங்கியவர்களே திருப்பி அனுப்புவது இன்னொரு மோஸ்தர்.

அப்படி வருவதையெல்லாம் நீளவாக்கில் வெட்டி, உள்ளே எவ்வளவு க்ரீம் மிச்சம் என்று எடை போட்டு எழுதுவது என் வேலை. பதினோரு வருடமாக வெட்டுகிறேன்.

டியூப்பைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். நடுவில் அமுக்குகிறவர்கள் அவசரக்காரர்கள். வாலிலிருந்து ஒழுங்காகத் தள்ளி வருகிறவர்கள் செருப்பைக்கூட வரிசையாகத்தான் விடுவார்கள். ஒரே டியூப்பில் இரண்டு விதமும் தெரிந்தால் அது புருஷன் பெண்டாட்டி. மேலாளர் இதை ஜோசியம் என்று கிண்டல் செய்வார். செய்துவிட்டுப் போகட்டும்.

இந்த டியூப்பை யாரோ வாலிலிருந்து நடுவரை இறுக்கிச் சுருட்டி, தையல் நூலால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அதனால்தான் அடங்கிக் கிடந்தது. மீதிப் பாதியில் க்ரீம் திம்மென்று இருந்தது.

முடிச்சைப் பார்த்தேன். இடது கைக்காரி போட்ட முடிச்சு. எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

என் தங்கை இடது கைக்காரி. பள்ளிக்கூடம் போகும் நாளில் அவள் பின்னலில் ரிப்பன் முடிச்சு இப்படித்தான் கோணிக்கொண்டு நிற்கும்.

உலகத்தில் இடது கைக்காரிகளுக்கா பஞ்சம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவளோடு பேசி ஏழு வருடம் ஆகிறது. தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொள்ளப் போவதை முதலில் என்னிடம்தான் வந்து சொன்னாள். இனி என் முகத்தில் முழிக்காதே என்றேன். பதிவு அலுவலகத்துக்காவது வா என்று மூன்று முறை போன் செய்தாள். எடுக்கவில்லை. கோபம் ஆறி நானாகக் கூப்பிட்டபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை. வீடும் மாறிப் போய்விட்டார்கள். எங்கே என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. வீம்பு முழுக்க என்னுடையது. இதை இதுவரை யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை.

கவருக்குள் மறுபடி கையை விட்டேன். டியூப் வந்த அட்டைப்பெட்டியும் இருந்தது. அதை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி மடித்திருந்தார்கள்.

பெட்டியின் உள்பக்கத்தில் தொழிலாளிகளின் படத்தை அச்சடிப்பது இந்த வருடம் ஆரம்பித்த வழக்கம். யார் கைபட்டு வருகிறது என்று வாங்குகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். தலையில் வலை, முகத்தில் பாதியை மறைக்கும் துணி, கையில் கத்தரி, அதுதான் நான். பெற்ற அம்மாவே படத்தைப் பார்த்துவிட்டு யாருடி இது என்று கேட்டாள்.

தங்கைக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

தெரிந்து, பாதி டியூப்பை எதற்கு அனுப்பினாள்? நீயும் வேண்டாம், உன் கம்பெனி க்ரீமும் வேண்டாம் என்று முகத்தில் வீசுகிறாளா? வீசினாலும் தப்பில்லை. வாங்கிக்கொள்ள வேண்டியவள் நான்தான்.

நூலைச் சற்று நகர்த்தினேன். சுருள் நின்ற இடத்தில், டியூப்பின் குறுக்கே, நீலப் பேனாவால் ஒரு கோடு. அளவுகோல் வைத்துப் போட்ட கோடு.

கண் கலங்கிவிட்டது. வேலை மேஜையில் உட்கார்ந்துகொண்டு அழலாமா என்றெல்லாம் தோன்றவில்லை.

காலடிக் கூடையில் போட்டிருந்த கவரை எடுத்தேன். நாற்பது கவர் பிரிக்கிறவள் எந்தக் கவரில் பெயரைப் பார்க்கிறாள்? பார்த்தேன். அவள் பெயர்தான். கீழே ஒரு புது போன் எண், கடைசி இலக்கம்வரை அழுத்தி எழுதியிருந்தது. கவரை மடித்து மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

மேலாளர் வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"பாதியிலேயே வெறுத்துட்டாங்க போலம்மா. 'பிடிக்கலை'ன்னு எழுதிட்டு வெட்டிடுங்க."

நான் கத்தரியைக் கீழே வைத்தேன். முகத்துணியை இறக்கி மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"எங்க வீட்டுல ரெண்டு பொண்ணுங்களுக்கும் ஒரே டியூப்தான் சார். அம்மா நடுவுல கோடு போட்டுக் கொடுப்பாங்க. இது என்னோட பாதி."