மூன்றாவது நாற்காலி

நூலகருக்கு மண்டை காய்ந்தது. சகோதரர் சங்கத்தின் புகழ்பெற்ற உறுப்பினர் பட்டியலை அவள் ஒழுங்குபடுத்தியாக வேண்டும். அதுவோ, கட்டின மனைவியிடம்கூட வாய் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கும் சங்கம். ஒரே ஆளுக்கு ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு பதவியைச் சொன்னது.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் மேஜையில் குறிப்புகளைப் பரப்பி, உரக்கப் படித்துச் சரிபார்த்தாள். இரும்புக்கடை வைத்திருக்கும் கணவர் எதிரே பேப்பரில் மூழ்கியிருந்தார்.

“மறைந்த நீதிபதி. சங்கச் செயலாளர்.”

“செயலாளர் இல்ல, வாசல் காவலர்,” என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து.

“மூணு புத்தகத்துல ரெண்டு, செயலாளர்னுதானே சொல்லுது?”

“எழுதினவன் உள்ள வந்து பார்த்தானா? கதவுப் பக்கம் மூணாவது நாற்காலி அவருக்கு. கூட்டம் முடியற வரைக்கும் ஒரே குறட்டை.”

அவள் பேனாவை மூடினாள்.

“இருபது வருஷமா வியாழக்கிழமை ஆனா கடையில ஸ்டாக் எடுக்கணும்னு கிளம்புவீங்களே…”

பேப்பர் மெல்ல இறங்கியது. கணவரின் முகத்தில் ஈயாடவில்லை.

“சத்தியம் பண்ணியிருக்கேம்மா. என் பேரை மட்டும் பட்டியல்ல போட்டுடாதே.”

“பயப்படாதீங்க,” என்று அடுத்த பெயருக்குப் போனாள் அவள். “இது புகழ்பெற்றவங்க பட்டியல்.”