தொடக்க எண்

"தொடக்க எண்ணை மாத்திட்டு, சோதனையை இன்னொரு தடவை ஓட்டட்டுமா ஹல்வார்?"

தோருன் கேட்டதும் ஹல்வாருக்குச் சுருக்கென்றது. கையிலிருந்த ரொட்டியை மேசையில் வைத்தார். பெர்கன் நகரில் அந்த ஆராய்ச்சிக் கூடத்துக்குப் புள்ளிவிவரக் கணக்குப் பார்ப்பவர் அவர்தான்.

முதியவர்கள் கால் இடறி விழாமலிருக்க ஒரு புது உடற்பயிற்சி. அது தோருனின் ஆராய்ச்சி. பயிற்சி செய்தவர், செய்யாதவர் என்ற அடையாளங்களைக் கணினி சீட்டுக்கட்டு மாதிரி ஆயிரம் தடவை கலைத்துப் போடும். இரண்டு குழுவுக்கும் இடையே கண்ட வித்தியாசம் வெறும் தற்செயலாகவும் வருமா என்று எண்ணிப் பார்க்கும். அப்படித் தற்செயலாக வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இருந்தால் பலன் உண்டு என்று எழுதலாம். எப்படிக் கலைப்பது என்பது நாம் கொடுக்கும் தொடக்க எண்ணைப் பொறுத்தது. எண்ணை மாற்றினால் விடையும் கொஞ்சம் நகரும்.

பலன் உண்டென்றால், ஜூனில் முடிகிற அவள் வேலை இரண்டு வருடம் நீளும். அது ஹல்வாருக்கும் தெரியும்.

"லூடோ ஆடும்போதும் ஆறு விழுற வரைக்கும் பகடையை உருட்டிக்கிட்டே இருப்பியா?"

"ஒரே ஒரு தடவைதானே கேட்டேன்?"

"எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க. அப்புறம் ரெண்டு, அப்புறம் இருபது. முதல்ல வந்தது வந்ததுதான். அதை அப்படியே எழுதிக் குடு."

"எழுதக் கஷ்டமா இருக்கு."

"வேலை போகுதுன்னா கஷ்டமாத்தான் இருக்கும். நேர்மைன்னா சும்மாவா?"

தோருன் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். ஹல்வார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

நாலு புள்ளி ஏழு.

"அஞ்சுக்குக் கீழேதானே இருக்கு! ஜெயிச்சுட்டியே! அப்புறம் எதுக்கு மறுபடியும்?"

"ஆயிரம் தடவைதான் கலைச்சிருக்கேன். வேற எண் குடுத்தா அஞ்சைத் தாண்டிடும்போல இருக்கு. இங்க பாருங்க, பலன் எவ்வளவுல இருந்து எவ்வளவு வரைக்கும் இருக்கலாம்னு காட்டுற நம்பிக்கை இடைவெளியோட கீழ்முனை பூஜ்யத்தை உரசிக்கிட்டு நிக்குது. பயிற்சியால பலனே இல்லாமலும் இருக்கலாம். இதை நம்பி யாராவது கைத்தடியை ஓரமா வச்சுட்டா?"

"தாண்டிடுச்சுன்னா, உன் வேலை?"

"போகும். எந்த எண்ணைக் குடுக்கட்டும்? நீங்களே சொல்லுங்க."

ஹல்வார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முப்பது வருடத்தில் அவரும் எத்தனையோ சோதனைகளைத் திரும்ப ஓட்டியிருக்கிறார். ஜெயித்த சோதனை ஒன்றைக்கூட மறுபடி ஓட்டியதில்லை.