பொழுது சாய்வதற்குள்

வளைகாப்பு முடிந்ததும் பவதாரணியைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக அவள் அம்மா ருக்மணி எழுந்தாள். மருமகன் திலீபன் தயங்கினான்.

"அவ வர முடியாதுங்க அத்தை. இந்தக் கிராமத்து வீட்டுக்கு அரசாங்கக் கடன் வாங்கறப்ப ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பத்து வருசத்துக்குப் பொழுது சாஞ்சா ரெண்டு பேரும் வீட்டுல இருக்கோணும். கதவே ஆள் எண்ணி அரசாங்கத்துக்குச் சொல்லிப்போடும். ஒரு நாள் தவறுனாலும் வீடு போயிரும்."

"அது தெரியுங்க மாப்ள. தலைப்பிரசவத்துக்குமா விடமாட்டாங்க?"

"ஆஸ்பத்திரிக்கு மட்டும் மூணு நாளுங்க."

பவதாரணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நீ இங்கயே இரும்மா. உன்ற மாப்பிள்ளை வெக்கிற ரசத்தை நீயும்தான் குடிச்சுப் பாரேன்."

ருக்மணிக்குச் சிரிப்பு வரவில்லை.

"போன மாசம் நானும் அப்பாவும் ஊர்ல புது வீடு வாங்கிட்டோம் கண்ணு. இதே கடன்தான். நீ வந்ததும் காட்டலாம்னு சொல்லாம வெச்சிருந்தோம். பழைய வீட்டுல நீ கொழந்தையோட படுக்க எடம் பத்தாதுன்னுதான்..."

நாலு மணி பஸ்ஸை விட்டால் அவள் பொழுதோடு ஊர் போய்ச் சேர முடியாது. மகளின் வயிற்றில் ஒருமுறை கைவைத்துப் பார்த்துவிட்டு, வாசலில் செருப்பைத் தேடினாள்.