மடுவுக்கு ஒரு குக்கர்

"கடல் தண்ணி பட்டா இது பழுதாகுமோ, நானா?"

கேட்ட பிறகுதான் நிறஞ்சலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். சின்ன மண்ணெண்ணெய்க் குக்கர் ஒன்றும் சோலர் லாம்பு ஒன்றும் வேண்டும், மடு மாதா கோயில் திருவிழாவுக்குக் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறோம் என்று சொல்லித்தான் கடைக்குள் வந்திருந்தாள். மடு காட்டுக்குள் இருக்கிறது. அங்கே கடல் இல்லை.

கடைக்காரர் ஹுசைன் நானா அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். லாம்பைத் துணியால் துடைத்தார்.

மின்வெட்டு. பகலிலும் கடைக்குள் இருட்டாக இருந்தது. அலமாரித் தட்டுகள் வெறுமையாகக் கிடந்தன. கரண்டும் காஸும் இல்லாத இந்த நாட்களில் விளக்கும் அடுப்பும் விற்கிற கடையில் எது மிஞ்சும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை படகு. விலைவாசி தாங்காமல் இரண்டு பிள்ளைகளோடு அவள் கள்ளமாக இந்தியாவுக்குப் போகப்போவது பள்ளிமுனையில் இருக்கும் அவளுடைய தாய்க்குக்கூடத் தெரியாது. படகுக்காரர்கள் அக்கரைவரை கொண்டுபோவதில்லை. நடுக்கடலில் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அந்தப் பக்கத்திலிருந்து யாராவது வந்து ஏற்றும்வரை ஒரு நாள் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். சின்னவனுக்கு ஒன்றரை வயது. பால்மா கரைக்கச் சுடுதண்ணீர் வேண்டும். ஆனால் நானா யாரிடமாவது வாய் திறந்தால் கரையில் நேவிதான் காத்திருக்கும்.

"எத்தினை பேர் போறியள்?"

"மூண்டு பேர். நானும் பிள்ளையளும்."

வருடா வருடம் மடுவுக்குப் போகிற சனம் மூன்று கல்லை வைத்து விறகில்தானே சமைக்கிறது என்றார் அவர். பிள்ளைக்குப் புகை ஒத்துவராது என்றாள் அவள்.

அவர் தலையாட்டினார். லாம்பைப் பொலித்தீன் பைக்குள் போட்டு, உள்ளே காற்று நிற்கும்படி வாயை இறுக்கிக் கட்டினார். அதை இன்னொரு பைக்குள் போட்டு மறுபடியும் கட்டினார். பழகிய கை.

"இனித் தண்ணிக்குள்ள விழுந்தாலும் மிதக்கும்" என்றவர், அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "மடுக் குளத்தைச் சொல்லுறன்" என்றார்.

விலையைப் பாதியாகச் சொன்னார். அது அவளை இன்னும் பயப்படுத்தியது. காசை வைத்துவிட்டுக் குக்கரை எடுக்கக் கை நீட்டினாள். அவர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இது வேண்டாம்."

"ஏன் நானா, விக்கத்தானே வைச்சிருக்கிறியள்?" அவள் குக்கரின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். "இது இல்லாட்டி என்ர பிள்ளை பட்டினி கிடக்கும்."

அவர் வாசலை எட்டிப் பார்த்தார். தெருவில் யாரும் இல்லை.

"பாரம் கூடும், தங்கச்சி. ஒரு படகுக்கு ஒரு குக்கர் போதும். செவ்வாய்க்கிழமை ஏறினதும் என்ர மனுசி ஹுஸ்னியாவுக்குப் பக்கத்தில இருங்கோ. எங்கட குக்கர் அவவின்ர மடியிலதான் இருக்கும்."