ஹவானாவில் வாங்கியது

முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது.

போலி.

தாமோதரன் சுருட்டுப் புகையை வாயில் வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தார். தொண்டை காந்தியது. பச்சை மிளகாயைக் கிள்ளி வைத்ததுபோல நாக்கு எரிந்தது. இருமல் வந்தது. விழுங்கிக்கொண்டார்.

ஐந்து பேர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோவையில் கியூபா சுருட்டுப் பெட்டி சேர்க்கும் கூட்டம் மொத்தமே இந்த ஆறு பேர்தான். அவர்களுக்குள் ஒரு வழக்கம். பழைய பெட்டி ஒன்றை உடைத்தால், அது அசல் என்று எழுதிக் கொடுத்தவர்தான் முதல் சுருட்டைப் பற்றவைக்க வேண்டும். அவர் முடிக்கும்வரை மற்றவர்கள் தொடமாட்டார்கள். கதவையும் திறக்கமாட்டார்கள். முதல் வாசனை அறைக்குள்ளேயே நிற்க வேண்டுமாம்.

இந்த அளவுச் சுருட்டு முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும்.

பெட்டி அந்த ஐவரில் ஒருவரான கெங்குசாமியுடையது. பங்களாவும் அவருடையது. சற்றுமுன் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த மதியச் சாப்பாடும் அவர் போட்டதுதான். பெட்டிக்குப் பக்கத்தில் அந்தக் கடிதம், கண்ணாடிச் சட்டம் போட்டு.

‘இந்தப் பெட்டி ஹவானாவில், தொழிற்சாலை வாசலில், என் கையால் வாங்கியது. என்னிடமிருந்து நேரே கெங்குசாமியிடம் போகிறது. இடையில் வேறு கை படவில்லை. கே. எஸ். தாமோதரன்.’

பத்தொன்பது வருடங்களுக்கு முன் தாமோதரனே எழுதியது.

ரிஷிமூலம், நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். அது இந்த ஆறு பேரிடம் செல்லாது. எங்கே சுருட்டியது, யார் வாங்கியது, எத்தனை கை மாறியது என்று தெரியாத பெட்டியை வாசற்படி ஏற்றமாட்டார்கள். பெட்டியின் அடியில் இருக்கும் முத்திரையை நம்பமாட்டார்கள். அதைக் குத்திக் கொடுக்க எத்தனையோ ஆள் இருக்கிறது. அவர்கள் நம்புவது தாமோதரனின் சொல்லை மட்டும்.

ஏனென்றால் அவர் ஒருவர்தான் ஹவானா போய் வந்தவர்.

அவர் ஹவானா போனதே இல்லை.

நெசவு இயந்திரம் விற்கப் பதினோரு நாடுகள் சுற்றியவர். கியூபா அதில் இல்லை. இந்தப் பெட்டியை வாங்கியது கொழும்பில், ஒரு ஹோட்டல் வாசலில், பெயர் தெரியாத ஒருவனிடம். ஊருக்கு வந்ததும் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். வாய் சும்மா இருக்கவில்லை. அங்கே வரிசையாக உட்கார்ந்து சுருட்டுவார்கள், மேடையில் ஒருவன் அவர்களுக்கு நாவல் படித்துக் காட்டுவான் என்று, எங்கோ படித்ததைக் கண்ணால் பார்த்ததுபோல அவிழ்த்துவிட்டார். படிப்பவனுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிகூட மாட்டிவிட்டார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. இவருடையது பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது.

அதன்பின் எத்தனையோ பெட்டிகளுக்கு எழுதிக் கொடுத்தார். அவற்றையெல்லாம் நேர்மையாகத்தான் பார்த்தார். ஆனால் எல்லாம் அந்த ஹவானாவின் மேல் நிற்கின்றன. மனைவி போய்ச் சேர்ந்தபின், மதித்து ஓர் இடத்துக்குக் கூப்பிட இந்த ஐந்து பேரை விட்டால் அவருக்கு ஆளில்லை.

இரண்டாவது இழுப்பு.

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். கண்ணை மூடி, தலையை மெல்ல ஆட்டினார்.

நான்கு பேர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். தங்கள் தங்கள் பெட்டிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

கெங்குசாமி சாயவில்லை.

நல்ல சுருட்டின் சாம்பல் ஓர் அங்குலம் வரை உதிராமல் நிற்கும். இது நகத்தளவு சேர்வதற்குள் பொலபொலவென்று வேட்டியில் கொட்டியது. தாமோதரன் அதைக் கையால் மூடினார். கெங்குசாமி பார்த்துவிட்டார்.

ஏசி ஓடும் அறையில் தாமோதரனுக்கு வியர்த்தது. பயமாக இருந்தது. அறுபத்தெட்டு வயதில் இப்படிப் பயப்படுவது வெட்கமாகவும் இருந்தது.

சொல்லிவிடலாம். இரண்டு வாக்கியம் போதும். கதவு திறக்கும். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். பிறகு யாரும் கூப்பிடமாட்டார்கள், அவ்வளவுதான்.

வாயைத் திறந்தார்.

அதற்குள் கெங்குசாமி எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தோள் துண்டை எடுத்து, வேட்டியில் கிடந்த சாம்பலைத் தட்டிவிட்டார். பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைக்குச் செய்வதுபோல மெதுவாக.

“எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சுங்ணா” என்றார், மற்றவர்கள் காதில் விழாமல். “அதுக்குத்தான் இன்னிக்கு ஒடச்சேன்.”

தாமோதரன் தலை குனிந்தார்.

“இருக்கட்டும் விடுங்க. உங்க கடுதாசி இருக்கற வரைக்கும் இது அசல்தானுங்க.”

போன உயிர் திரும்பி வந்தது. கண் கலங்கிவிட்டது. கெங்குசாமியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இந்த மனிதனைப்போய் இத்தனை நாள் வெறும் பணக்காரன் என்று நினைத்தோமே என்று இருந்தது.

சற்றுப் பொறுத்துக் கையை எடுக்கப் பார்த்தார். கெங்குசாமி விடவில்லை.

“உள்ள இன்னும் ஆறு பெட்டி கெடக்குதுங்ணா. எங்கிருந்து வந்துச்சுன்னு நீங்க கேக்க வேண்டாம். ஐதராபாத்காரங்க ஞாயித்துக்கெழம வெலைக்குப் பாக்க வர்றாங்க. உங்க கடுதாசி இருந்தா அவங்களும் கேக்க மாட்டாங்க.”

கெங்குசாமி கையை விட்டதும் வெற்றுத் தாள்கள் தாமோதரனின் மடிக்கு வந்தன. மேலே ஒரு பேனா. மூடி ஏற்கெனவே கழற்றியிருந்தது.

“எப்படிங்ணா இருக்குது?” என்று அறையின் அந்தக் கோடியிலிருந்து ஒருவர் கேட்டார்.

“அருமைங்க.”

சுருட்டு இன்னும் பாதிகூடத் தீரவில்லை. அவர் அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

“ஹவானாவுல வாங்குனது எந்த வருசம்னு போடட்டுங்க?” என்று கெங்குசாமியிடம் கேட்டார்.