பக்கத்து சீட்டுக்கு எண்பது கிலோ

சீட்டில் உட்கார ஒரு ஆள் வேண்டும். கீழே படுத்து அளக்க ஒரு ஆள் வேண்டும். வீட்டில் இருந்ததோ ஒரே ஆள்.

அதனால் மறுபடியார், வேனின் டிரைவர் சீட்டில் மூன்று மணல் மூட்டைகளை உட்கார வைத்தார். மூட்டைக்கு இருபது கிலோ. மொத்தம் அறுபது. அதாவது அவர்.

சரிந்து விழாமல் இருக்க சீட் பெல்ட்டையும் மாட்டிவிட்டார்.

மறுபடியார் என்பது தெருக்காரர்கள் வைத்த பேர். யார் எதை அளந்து கொடுத்தாலும் வீட்டுக்கு வந்து மறுபடி அளப்பார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். மெக்கானிக் முடுக்கிய நட்டை எல்லாம் தானும் ஒரு தடவை முடுக்கிப் பார்த்துத்தான் வண்டியை எடுப்பார். அதனால்தான் இன்னும் உயிரோடு இருக்கிறோம் என்பது அவர் நினைப்பு.

அவருக்கு இருப்பது ஒரு அக்கா. இருவரும் ஒரே வீடு. இடுப்பு எலும்பு உடைந்து ஆஸ்பத்திரிக்குப் போனவள், நாலு மாதமாகத் திரும்பவில்லை. எலும்போடு போகவில்லை, உள்ளே வேறென்னவோ இருக்கிறது என்றும் டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னதில் இவர் பாதியைத்தான் காதில் போட்டுக்கொண்டார்.

"இனிமே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொன்னதை முழுசாக எடுத்துக்கொண்டார்.

இன்று மத்தியானம் இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வேன் உயரம். அக்காவால் அந்த உயரத்துக்குக் காலைத் தூக்க முடியாது. குட்டை ஸ்பிரிங் வாங்கிப் போட்டு, வண்டியை நாலு விரல் இறக்கினார். இறக்கியதும் முன்சக்கரம் இரண்டும் ஆளுக்கொரு திசை பார்க்க ஆரம்பித்துவிட்டன. வண்டி ஓரமாக இழுக்கிறது. திருப்பிப் பிடித்தால் வெட்டுகிறது. அப்படி ஒரு வெட்டு வெட்டினால் போதும், பக்கத்தில் இருப்பவளுக்கு உயிர் போய் உயிர் வரும்.

அலைன்மென்ட் கடைக்கும் போய்ப் பார்த்தார். ஆளில்லாத வண்டியை மிஷினில் ஏற்றி, கம்ப்யூட்டரைக் காட்டினார்கள்.

"பாருங்க பெருசு, எல்லாம் பச்சை. அம்பு மாதிரி நேரா போகும்."

"காலி வண்டி நேரா போகும். எங்க அக்காவ யாரு கூட்டிட்டு வர்றது, உன் கம்ப்யூட்டரா?"

சொன்ன மாதிரியே ஆயிற்று. இவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி பழையபடி இழுத்தது.

அதனால்தான் வாசலில் வேனை நிறுத்தி, இரண்டு பக்கமும் நூல் பிடித்துக் கட்டிவிட்டுப் படுத்துக் கிடக்கிறார். நூலுக்கும் சக்கரத்தின் முன்விளிம்புக்கும் எவ்வளவு, பின்விளிம்புக்கும் எவ்வளவு என்று அளக்க வேண்டும். அளந்ததைச் சத்தமாகச் சொன்னார். எழுதிக்கொள்ள ஆள் இல்லை. தானே எழுந்து உட்கார்ந்து தரையில் சாக்பீஸால் எழுதினார்.

அக்கா இருந்தால் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "ஆச்சாடா, ஆச்சாடா" என்று பிராணனை வாங்கியிருப்பாள். நாலு மாதமாக இந்த வீட்டில் அவர் பிராணனை யாரும் வாங்கவில்லை.

அடுத்தது பக்கத்து சீட்.

இருபது லிட்டர் கேன் நாலு. நாலிலும் தண்ணீர் பிடித்து சீட்டிலும் சீட்டின் காலடியிலும் வைத்தார். லிட்டருக்கு ஒரு கிலோ. உலகத்தில் தண்ணீர் ஒன்றைத்தான் அவர் நம்புவார்.

எண்பது என்பது ஞாபகத்தில் இருந்த கணக்கு. ஞாபகத்தை எப்படி நம்புவது? அக்காவுக்குப் போன் போட்டார்.

"உன் வெயிட் என்னக்கா?"

"எதுக்குடா? என்னையத் தூக்கிக்கிட்டு ஓடப் போறியா?"

"வண்டிக்கு."

அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. மிச்சச் சிரிப்பு அப்புறம் வந்தது.

"எண்பதுடா. ஒரு கிராம் கொறையல. நான் ஏறுனா உன் வண்டி ஒரு பக்கமா படுத்துக்கும், பாத்துக்கோ."

அது அவர் கேலி. ஐம்பது வருஷமாக அவளைப் பார்த்து அவர் சொல்லி வந்தது. சொன்னால் கையில் கிடைத்ததை எடுத்து வீசுவாள். இன்றைக்கு அவளே சொல்லிக்கொள்கிறாள்.

அவர் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, சீட்டிலிருந்து ஒரு கேனைக் கீழே இறக்கினார். மூடியைத் திருகிச் சாய்த்தார்.

இரண்டாவது கேனையும் இறக்கினார்.

"டேய், இருக்கியா? என்னமோ தண்ணி சத்தம் கேக்குது."

"வண்டி கழுவுறேன்."

"இப்ப அது ஒண்ணுதான் கொறைச்சல். எண்பது வெச்சியா, இல்லையா?"

"வெச்சிட்டேன்க்கா."

"அப்ப சரி. ரெண்டு மணிக்கு வந்துடு. லேட் பண்ணாதே."

போன் நின்றது. தண்ணீர் சாக்பீஸ் கணக்கை எல்லாம் அழித்துக்கொண்டு தெருவுக்குப் போனது. மூன்றாவது கேனிலும் கால்வாசியைக் கொட்டினார். மிச்சம் இருந்த ஒன்றே முக்கால் கேனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இரண்டையும் மெதுவாகப் பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட்டை மாட்டினார்.

நேற்று அக்காவைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தூக்கி வைத்தது அவர்தான். நர்ஸ் குழாயை மட்டும் பிடித்துக்கொண்டாள்.