கீழ்வீட்டில் இன்னொரு குடித்தனம்

“இந்த டவுசர் யாரோடது? அதை முதல்ல சொல்லு!”

நீலநிறத் துணியில், பாக்கெட்டின் மேல் ஒரு மஞ்சள் வாத்து தைத்த சின்ன டவுசர். இன்னும் ஈரம் காயவில்லை. டைல்ஸ் கடைக்காரர் அதைப் பின்பக்கக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு மாடி ஏறி வந்திருந்தார். செத்த எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் பிடித்து, வாசலில் நின்ற நர்ஸின் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

அவருடைய கீழ்வீட்டில் குடியிருக்கும் நர்ஸுக்குக் குழந்தை கிடையாது. அவள் கணவனோ ஆறடி உயர வேன் டிரைவர்.

“அதைப் பத்திப் பேசத்தான் சார் நானே மேல வந்தேன். பின்பக்க ரூம் ரெண்டும் சும்மாதான் கிடக்கு. அதுல இன்னொரு குடித்தனம் வைக்கலாமான்னு...”

“வைக்கலாமான்னு கேட்க வந்தியா, வெச்சுட்டுச் சொல்ல வந்தியா? குழாயைத் திறந்தா காத்துதான் வருது. விடிஞ்சதும் கடைக்குப் போய் ராத்திரி வர்றவனுக்கு என்ன தெரியப்போகுதுன்னு நெனப்பு!”

இன்று கடைக்கு விடுமுறை. இல்லாவிட்டால் அந்தக் கொடி அவர் கண்ணில் பட்டே இருக்காது.

அவர் செருமினாலே கடை ஆட்கள் கையில் கிடைத்ததை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்படிப்பட்ட கோபம் இன்று இன்னும் ஒரு படி ஏறியிருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகிய வாடை அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. சட்டை இஸ்திரி காணாமல் கசங்கியிருந்தது.

“என் பொண்டாட்டி அவ அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து ஆள் சேர்க்கிறே. அவ இருந்தா ‘பாவம், பாவம்’னு தலையாட்டியிருப்பா. என்கிட்ட அந்தப் பருப்பு வேகாது. இது என் வீடு! இங்க ஒரு ஆணி அடிக்கணும்னாலும் என்னைக் கேட்கணும்!”

“அவங்களும் அதையேதான் சார் சொன்னாங்க. ‘அவரைக் கேட்காம அந்த ரூம்ல குடித்தனம் வைக்க மாட்டேன், கேட்டுட்டு வா’ன்னு.”

“யாரு அந்த அவங்க?”

“ஒரு அக்கா. ரெண்டு குழந்தைங்க. எங்க ஆஸ்பத்திரி மருந்து கவுன்டர்ல வேலைக்குச் சேர்ந்திருக்காங்க. கூடப்பிறந்தவங்க வாசல்ல போய் நிக்க இஷ்டமில்லை. குழந்தைங்களுக்கு ஸ்கூலும் பக்கத்துலயே இருக்கணும்.”

“புருஷன் என்ன ஆனான்? குடிகாரனா?”

“ஐயோ, ஒரு சொட்டுத் தொட மாட்டார். சொந்த வீடு, சொந்தத் தொழில். ஒரு குறையும் இல்லை.”

“அப்புறம் என்ன கேடு?”

நர்ஸ் ஒரு கணம் அந்த டவுசரையே பார்த்தாள்.

“கோபம் சார். எதுக்கெடுத்தாலும் கோபம். எங்க வீட்டுக்கு வந்த பிறகும், ராத்திரி வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா குழந்தைங்க ரெண்டும் கட்டிலுக்கு அடியில பூந்துக்குதுங்க. நான் குனிஞ்சு குனிஞ்சு இழுத்து வெளியில விடறேன்.”

டைல்ஸ் கடைக்காரரின் கோபம் சட்டென்று திசை மாறியது. திட்டுவதற்குப் புதிதாக ஓர் ஆள் கிடைத்தால் அவர் சும்மா விடுகிறவர் அல்ல.

“என்ன ஆம்பளை அவன்! பெத்த பிள்ளைங்க கட்டிலுக்கு அடியில ஒளியுது, இவன் கால் மேல கால் போட்டுக்கிட்டுச் சோறு திங்கிறானா? பொண்டாட்டி பிள்ளைங்க எங்கே போச்சுன்னாவது தேடினானா?”

“போன் கூடப் பண்ணலை சார். எங்கே போயிடுவா, தானா வருவான்னு வீறாப்பா உட்கார்ந்திருக்கார்.”

“வீறாப்பாம் வீறாப்பு! அந்த வெட்கங்கெட்டவனை என் முன்னாடி கொண்டுவந்து நிறுத்து. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன். குடித்தனத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

“அதான் கேட்டுட்டீங்களே சார்” என்றாள் நர்ஸ். அவள் குரலில் அதுவரை இருந்த பணிவைக் காணோம். கையை நீட்டினாள்.

“டவுசரைக் கொடுங்க. கிளம்பின அவசரத்துல அக்கா மாத்துத் துணி எடுக்கலை. உங்க சின்னவன் கீழே துண்டைக் கட்டிக்கிட்டு நிக்கிறான்.”